தோளுக்குள் ஒரு கறுப்புக் கோடு

அந்த வலி முதன்முதலில் வந்தபோது நான் ஒரு கர்ப்பிணிக்கு ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. அதன் இதயம் தெரிய வேண்டுமென்றால் உடம்பின் மேல் வைத்துப் பார்க்கிற கைக்கருவியான ப்ரோப்பை வயிற்றின் ஓரத்துக்குக் கொண்டுபோய் அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது கையை நீட்டி அழுத்தினேன். தோளின் வெளிப்பக்கத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தது போல இருந்தது. கை தானாக இறங்கிவிட்டது.

படுத்திருந்த பெண் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அவளுக்கு உதடு வெளுத்துவிட்டது. குழந்தைக்கு என்ன கோளாறு என்று கேட்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் கை வலிக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. இதயத் துடிப்பின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்க விட்ட பிறகுதான் அவளுடைய மூச்சு சீரானது. அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தேன். தோள் உயரம்வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

நான் பிறந்தது கல்கத்தாவின் பவானிபூரில். அப்பா திருநெல்வேலியிலிருந்து மத்திய அரசு அலுவலக வேலைக்கு வந்தவர். நான் படித்ததெல்லாம் கல்கத்தாவிலேயே. மருத்துவம் முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஸ்கேன் கற்றுக்கொண்டபோது திரையில் தெரிந்ததெல்லாம் ஒரே மூட்டம். பித்தப்பையில் கல், கர்ப்பப்பையில் குழந்தை, சிறுநீரகத்தில் வீக்கம், இவ்வளவுதான் நம்பிச் சொல்ல முடியும். எலும்பு மூட்டை அதில் பார்க்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் நிலைமை மாறியது. நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் புது மெஷின் வந்தது. அதோடு சீப்பு மாதிரி நேர்விளிம்பு கொண்ட சின்ன ப்ரோப் ஒன்றும் வந்தது. தோலுக்கு அடியில் இரண்டு விரல்கடை ஆழத்தில் இருப்பதை அது நூல் நூலாகக் காட்டும். தைராய்டு கட்டிகளைப் பார்க்கத்தான் அதை வாங்கினார்கள்.

எங்கள் தொழிலில் தோள் போவது புதிதல்ல. நாள் முழுக்க வலது கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்து, ஒருவர் மாற்றி ஒருவராக வயிற்றை அழுத்திக்கொண்டே இருக்கிறோம். என்னோடு கூட வேலை பார்த்த ஒருத்தி இதனாலேயே தொழிலை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் போல ஆகிவிடுவேனோ என்று சென்டரில் யாரிடமும் சொல்லவில்லை. ப்ரோப்பைப் பிடித்த கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வேலை செய்தேன். நோயாளிகள் அதைக் கவனித்தார்கள். சிலர் என்னைவிடக் கவலையாகக் கேட்டார்கள்.

வீட்டில் மறைக்க முடியவில்லை. அப்போது நகரின் இன்னொரு பகுதியான பெஹாலாவில் குடியிருந்தோம். என் கணவர் அரசு வங்கியில் அதிகாரி. ஒரு காலையில் நான் பின்னல் போட முடியாமல் சீப்பைக் கீழே வைத்ததைப் பார்த்துவிட்டு, அவரே வந்து பின்னிவிட்டார். கோணல்மாணலாக இருந்தது. அன்று சாயங்காலம் சென்னைக்குப் போய்க் காட்டலாம் என்று ஆரம்பித்தார். மாசிமா, அதாவது சித்தி, என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி அம்மாளோ வேலூருக்குத்தான் போக வேண்டும் என்றார். அந்தப் பக்கத்து வங்காளிகளுக்கு உடம்புக்கு எது வந்தாலும் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிதான். நான் தமிழச்சி என்பதால் வேலூரில் உள்ள டாக்டர்களையெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, அதுவரை எத்தனையோ பேருக்கு என்னிடம் வழி கேட்டிருக்கிறார். இப்போது எனக்கே வழி சொன்னார்.

எங்கள் சென்டர் இருந்த அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் எலும்பு டாக்டர் மாலை நேரங்களில் உட்காருவார். வங்காளி, என்னைவிடச் சில வயது மூத்தவர். என்னை அவர் மரியாதைக்காக திதி, அதாவது அக்கா, என்பார்; நான் அவரை தாதா, அதாவது அண்ணா, என்பேன். எங்கள் பேச்சு வங்காள மொழியிலும் இங்கிலீஷிலும் கலந்தே நடக்கும். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவரிடம் போய்க் காட்டினேன். கையை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, தசைநாருக்கு மேலே இருக்கிற பை வீங்கியிருக்கிறது, ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் அடங்கிவிடும் என்றார்.

அந்தப் பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோளின் மேல் தசைக்கும், கையைத் தூக்குகிற தசைநாருக்கும் நடுவில் உராய்வைத் தடுப்பதற்காக மெல்லிய பை ஒன்று உண்டு. பை என்று பெயர்தானே தவிர, உள்ளே அநேகமாக ஒன்றும் இருக்காது. ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் இரண்டு சவ்வுகள்தான். ஸ்கேனில் பார்த்தால் பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. மருந்து அந்தக் கோட்டுக்குள் போக வேண்டும். கொஞ்சம் மேலே நின்றால் தசையில் வீணாகும். கொஞ்சம் கீழே போனால் தசைநாருக்குள் இறங்கிவிடும். ஸ்டீராய்டு அங்கே இறங்கினால் நார் பலமிழந்து அறுந்துகூடப் போகலாம்.

தாதா வழக்கமாகச் செய்வது போலவே செய்தார். கட்டைவிரலால் தோள் எலும்பின் மூலையைத் தேடிப் பிடித்து, அதற்கு அடியில் ஊசியைச் செலுத்தினார். பல வருடமாக அப்படித்தான் போடுகிறார். அவர் கைக்கு நல்ல பெயர். மரத்துப்போகச் செய்கிற மருந்தும் சேர்த்துத்தான் போட்டிருந்தார். அது சரியான இடத்துக்குப் போயிருந்தால் சில நிமிடங்களில் வலி குறைந்திருக்க வேண்டும். கையைத் தூக்கிப் பார்த்தேன். அதே இடத்தில், அதே கம்பி.

பொறுத்துப் பாருங்கள், இரண்டு நாளில் தெரியும் என்றார். நான் மாடிக்கு வந்தேன். மனசு கேட்கவில்லை. சின்ன ப்ரோப்பை இடது கையில் எடுத்து என் வலது தோளின் மேல் வைத்தேன். தசையின் நார்களுக்கு நடுவில் கறுப்பாக ஒரு குட்டை தேங்கி நின்றது. அதற்குக் கீழே அந்த மெல்லிய கோடு தொடப்படாமல் இருந்தது. எனக்குப் பயம் வந்தது. மருந்து தப்பிப் போனதற்காக அல்ல. இனி சில வாரங்களுக்கு மறுபடியும் ஸ்டீராய்டு போட முடியாது. அதுவரை இந்தக் கையோடு எப்படி ஓட்டுவது என்று நினைத்துத்தான்.

இன்டர்காமில் தாதாவைக் கூப்பிட்டேன். வந்து, என் பின்னால் நின்று வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"இது நான் போட்டதா?"

"ஆமா தாதா."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அப்போ இத்தனை வருஷமா என்கிட்ட போட்டுக்கிட்டுக் குணமானவங்க எப்படிக் குணமானாங்க?" என்று கேட்டார். அவர் என்னைக் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். பாதிப் பேருக்குச் சரியாகவே போயிருக்கும், பக்கத்தில் போனாலும் சிலருக்குக் கேட்டிருக்கும், சிலருக்குத் தானாகவே சரியாகியிருக்கும் என்றேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

காத்திருந்த அந்த வாரங்களில், அடுத்த தடவை எப்படிப் போட்டுக்கொள்வது என்பதைத் தவிர நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போடுவதற்கு இனி சம்மதிக்க மாட்டேன் என்பது மட்டும் முடிவாகியிருந்தது. என்னோடு படித்த தோழி ஒருத்தி ஒரு பெரிய மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் இருந்தாள். அவளும் வங்காளிதான். ஸ்கேன் வைத்து மூட்டுக்கு ஊசி போடுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு விடுமுறை நாளில் காளிகாட்டில் மெட்ரோ ஏறி அவளைப் பார்க்கப் போனேன்.

அன்று காலை முழுவதும் அவள் பக்கத்தில் நின்றேன். முதலில் வீங்கிய முழங்கால் ஒன்று வந்தது. ஸ்கேனில் தண்ணீர் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று பார்த்தாள். பேனாவால் தோலில் ஒரு புள்ளி வைத்தாள். ப்ரோப்பை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் புள்ளியில் குத்தினாள். தண்ணீர் மஞ்சளாகச் சிரிஞ்சில் ஏறியது. எளிமையான வேலை, ஆனால் தேங்கிக் கிடக்கும் தண்ணீருக்குத்தான் அது சரிப்படும். என் தோளில் இருப்பது கோடு. ப்ரோப்பை எடுத்ததும் நான் கொஞ்சம் அசைந்தால்கூட அந்தப் புள்ளிக்கு அர்த்தமில்லாமல் போய்விடும்.

அடுத்து வந்தவருக்குத் தோள். அதற்கு அவள் ப்ரோப்பைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. ப்ரோப்பின் நீளவாட்டத்துக்குக் குறுக்காக ஊசியை இறக்கினாள். ஸ்கேனின் ஒளி என்பது, அப்படிச் சொல்லலாம் என்றால், ஒரு போஸ்ட் கார்டின் கனம்தான் இருக்கும். ஊசி அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால் திரையில் ஊசி தெரியாது, வெள்ளையாக ஒரு புள்ளி மட்டும் தெரியும்.

"அது முனையா, நடுத்தண்டா? எப்படிக் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டேன்.

"கண்டுபிடிக்க முடியாது. ஆட்டிப் பார்ப்பேன், கொஞ்சம் மருந்து விட்டுப் பார்ப்பேன். பழக்கத்துல தெரியும்," என்றாள்.

நடுத்தண்டைப் பார்த்து முனை என்று நினைத்துக்கொண்டிருந்தால், முனை அதற்குள் தசைநாரைத் தாண்டிப் போயிருக்கும். இழுப்பறையில் ப்ரோப்பில் மாட்டுகிற ஒரு கவ்வியும் வைத்திருந்தாள். ஊசி அதன் பள்ளத்துக்குள் ஒரே கோணத்தில்தான் இறங்கும். கல்லீரலில் ஆழமாகப் பரிசோதனைக்குச் சதை எடுக்க அது நல்ல சாதனம். தோள் மாதிரி மேலாக இருக்கிற இடத்துக்கு அந்தக் கோணம் ரொம்பச் செங்குத்து. ஊசி திரையில் தெரிய ஆரம்பிப்பதற்குள் இலக்கைக் கடந்துவிடும்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ப்ரோப்பின் நீளவாட்டத்திலேயே, அதன் ஒரு முனைக்குப் பக்கத்திலிருந்து ஊசியைச் சாய்வாகச் செலுத்துவது. அப்போது ஊசி அந்தப் போஸ்ட் கார்டுக்குள்ளேயே பயணம் செய்யும். தோலிலிருந்து முனைவரை முழு ஊசியும் வெள்ளைக் கோடாகத் தெரியும். தைராய்டு கட்டிகளில் நானே அப்படித்தான் ஊசி வைத்துச் சோதனைக்கு எடுப்பேன். ஆனால் கொஞ்சம் விலகினாலும் ஊசி மொத்தமாக மறைந்துவிடும் என்பது அதிலுள்ள சங்கடம். நீயே அப்படிப் போட்டுவிடுகிறாயா என்று தோழியைக் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு மறுத்தாள்.

"எனக்குப் பழகினது அந்த வெள்ளைப் புள்ளி. அதுல போடச் சொன்னா இப்பவே போடுறேன். புதுசா ஒண்ணை உன் தோள்ல வச்சுக் கத்துக்க மாட்டேன்."

அவள் சொன்னது நியாயம். திரும்பி வருகையில் மெட்ரோவில் உட்கார இடமில்லை. தலைக்கு மேலே தொங்கிய பிடியை எட்ட முடியாமல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ப்ரோப்பைப் பிடிக்கத் தெரிந்தவள் நான். ஊசியைப் பிடிக்கத் தெரிந்தவர் தாதா. தோளின் வெளிப்பக்கத்தில் வைப்பதற்கு என் இடது கை எட்டும். ஏற்கெனவே வைத்துப் பார்த்திருக்கிறேன்.

கணவரிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சொல்லுத? உனக்கு நீயே ஆபரேசன் பண்ணிக்கிடப் போறியா?"

"ஆபரேசன் இல்ல. ஊசிதான். படத்தைக் காட்டுதது மட்டும்தான் நான். போடுதது அவரு."

"கண்ணு ஒருத்தர்கிட்ட, கை ஒருத்தர்கிட்ட. நடுவுல வலி உனக்கு. இது வேலைக்கு ஆகுமா?"

ஆகுமா என்று எனக்கும் தெரியவில்லை என்றேன். அந்தப் பதில் அவரை இன்னும் பயமுறுத்தியது. அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

தாதா ஒத்துக்கொண்டார். ஆனால் நேராக உங்கள் தோளில் வேண்டாம், முதலில் வேறு எதிலாவது பழகுவோம் என்றார். சிலர் ஆட்டுத்தொடை வாங்கி அதில் பழகுவார்கள். எங்கள் வீடு சைவம். என் சமையலறையில் அது நடக்காது. ஜெல்லி செய்கிற சைனா கிராஸைக் கொதிக்கவைத்து, அதில் மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கிற இசப்கோல் உமியைக் கலந்தேன். உமி கலந்தால் ஸ்கேனில் அது சதை போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். கையுறையின் ஒரு விரலை வெட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு முடிந்து, தட்டையாக நடுவில் வைத்து, எவர்சில்வர் டிபன் டப்பாவில் உறைய விட்டேன். என் கணவர் அதைச் சாயாமல் மடியில் வைத்துக்கொண்டு சென்டருக்கு ஷேர் ஆட்டோவில் வந்தார். பக்கத்தில் இருந்தவர் என்ன இனிப்பு என்று கேட்டாராம். இவர் பதில் சொல்லாமல் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம்.

முதல் சில நாட்கள் மோசமாகப் போயின. தாதா ஊசியை இறக்குவார். திரையில் ஒன்றும் தெரியாது. ஊசி ஒளிக்கு வெளியே எங்கேயோ போயிருக்கும். நான் ப்ரோப்பை ஊசியிடம் நகர்த்துவேன். அதே நேரத்தில் அவர் ஊசியை ப்ரோப்பிடம் திருப்புவார். இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போய்விடுவோம். உள்ளே இருந்த தண்ணீர்ப் பை குத்துப்பட்டு ஒழுகும். அடுத்த நாளைக்கு நான் மறுபடியும் காய்ச்சுவேன். பிறகு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நகர வேண்டும். நான் ஸ்டாப் என்றால் அவர் கை நின்றுவிட வேண்டும். அவருக்கு என்ன தோன்றினாலும் சரி. ஊசியைச் செங்குத்தாக இறக்காமல் படுக்கை வாட்டத்தில் செலுத்தினால் கோடு பளிச்சென்று தெரிகிறது என்பதையும் டப்பாதான் சொல்லிக்கொடுத்தது. கடைசியில் தொடர்ந்து சரியாக விழ ஆரம்பித்தது. ஆனால் டப்பாவுக்கு வலிக்காது, அது மூச்சு விடாது, அதன் கை நடுங்காது. இதை நான் தாதாவிடம் சொல்லவில்லை.

துர்கா பூஜைக்கு முந்தைய மழைக்காலம். தெருமுனையில் பந்தலுக்கு மூங்கில் கட்டியிருந்தார்கள். நாங்கள் குறித்த நாளில் காலையிலிருந்தே மழை கொட்டி, சென்டர் இருந்த பவானிபூர் தெருக்களில் முழங்காலளவு தண்ணீர். கேஸ் அதிகம் வரவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு அறை எங்களுக்குக் கிடைத்தது. கணவர் லீவு போட்டுவிட்டு, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்திருந்தார். வெளியே உட்காருங்கள் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுக் கதவருகிலேயே நின்றார்.

வலது கையைப் பின்பாக்கெட்டில் விடுவது போல இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் எலும்புக்கு அடியில் மறைந்திருக்கும் தசைநார் வெளியே வரும். அந்த நிலையில் வைப்பதற்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ் தோளில் அயோடின் தடவினாள். சில்லென்று முழங்கைவரை வழிந்தது. ப்ரோப்புக்குக் கையுறை மாட்டி இடது கையில் கொடுத்தாள். மடியில் தலையணை வைத்து அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். திரை எனக்கு நேராக இருந்தது. என் தோளைப் பார்க்கிறேன் என்ற எண்ணமே வரவில்லை. யாரோ ஒரு நோயாளியின் படம் போலத்தான் இருந்தது. மேலே தசை, கீழே வெள்ளையாகத் தசைநார், நடுவில் அந்தக் கோடு. கோடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என் இடது கையின் நடுக்கம் என்று புரிந்தது.

"போடலாமா?" என்றார் தாதா.

போடுங்கள் என்றேன். சுருக்கென்று தோலில் குத்தியது. திரையில் ஒன்றும் இல்லை. ஸ்டாப் என்றேன். அவர் நின்றார். ப்ரோப்பை இம்மியளவு சாய்த்தேன். வெள்ளைக் கோடு பாதி வந்தது, மறுபடி சாய்த்ததும் முழுதாக வந்தது. தசைக்குள் இருந்தது. இன்னும் உள்ளே என்றேன். மெதுவாக வந்தது. பைக்குச் சற்று மேலே வந்ததும் அவர் தானாகவே நின்றார்.

"உள்ளே போயிடுச்சு. கை சொல்லுது," என்றார்.

"இல்ல தாதா. இன்னும் மேலதான் இருக்கு."

பல வருடங்களாக அவர் கை நின்ற ஆழம் அதுதான். முதல் தடவை குட்டையாகத் தேங்கி நின்ற இடமும் அதுதான். அவர் தன் கையை நம்புவதா, என் திரையை நம்புவதா என்று யோசித்த அந்த நேரம் ரொம்ப நீளமாக இருந்தது. பிறகு அழுத்தினார்.

முனை பட்டென்று ஏதோ ஒன்றைத் தாண்டியது. அதே நொடியில் திரையிலிருந்து மறைந்தது. தோளுக்குள் அதுவரை இல்லாத வேறு ஒரு வலி, ஆழத்தில் எதையோ பிடித்து இழுப்பது போல. "ஸ்டாப்," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. தாதாவின் கை நின்றது. நான் ப்ரோப்பைச் சாய்த்தேன், திருப்பினேன். ஊசி இல்லை. எனக்குள் ஓர் ஊசி இருக்கிறது, அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. நார் அறுந்துவிட்டால் என்ற நினைப்பு மட்டும் மண்டைக்குள் ஓடியது. கோடுகள் எல்லாம் ஒன்றாகக் கலங்கின.

கதவருகிலிருந்து கணவரின் குரல் வந்தது. "மூச்சு விடு. மூச்சே விடாம இருக்க."

அப்போதுதான் கவனித்தேன். மூச்சை விட்டேன். தோள் இறங்கியது, இடது கையும் கொஞ்சம் அடங்கியது. ப்ரோப்பை நகர்த்தாமல் அடிப்பக்கம் மட்டும் மெல்லச் சாய்த்தேன். முனை தெரிந்தது. தசைநாரின் இழைகளுக்குள் ஓர் அரிசி நுனியளவு இறங்கியிருந்தது.

"இழுங்க. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அங்கேயே."

மரத்துப்போகச் செய்கிற மருந்தை மட்டும் சொட்டளவு விடச் சொன்னேன். பை திறக்கவில்லை. மயிரிழை அளவு இழுத்து மறுபடி விடச் சொன்னேன். வாய் ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக் பை பிரிவது போல அந்தக் கோடு விரிந்தது. கறுப்பு இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு ஓடி, திரையின் ஓரம்வரை போனது. தாதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஊசியை அசைக்காமல் சிரிஞ்சை மட்டும் மாற்ற வேண்டிய நேரம். நர்ஸ் எடுத்துக் கொடுக்க, தாதா மாற்றினார். ஸ்டீராய்டு உள்ளே போனபோது கறுப்புக்குள் வெள்ளைப் பொடி தூவியது போலத் தெரிந்தது.

எல்லாம் முடிந்து கையை முன்னால் கொண்டுவந்து தூக்கினேன். தலைக்கு மேலே போனது. அது மரத்துப்போகச் செய்த மருந்தின் வேலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இறக்க மனசில்லாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தேன். தாதா கையுறையைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்று மழையைப் பார்த்தார். அவர் சட்டையின் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. அறையில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பயம் அதோடு போய்விடவில்லை. அந்த மருந்தின் வேகம் தணிந்ததும் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பியது. சிலருக்கு அப்படி இரண்டு நாள் இருக்கும் என்று படித்திருக்கிறேன். என் தோளுக்கு வந்தபோது அந்த அறிவு உதவவில்லை. கிருமி போயிருக்குமோ என்று கண்ணாடி முன் நின்று சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த அரிசி நுனியளவு இடம் நினைவுக்கு வரும். கணவர் வங்கியிலிருந்து மத்தியானம் போன் செய்து காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

மூன்றாம் நாள் காலையில் வலி இறங்க ஆரம்பித்தது. பூஜை வருவதற்குள் பின்னலை நானே போட்டுக்கொண்டேன். சில வாரம் கழித்து ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது தசைநார் முழுசாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சென்டர் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, கட்டிலை உயர்த்தி இறக்குகிற மாதிரி மாற்றித் தந்தார். கை முழுதாகக் குணமாகவில்லை. உச்சந்தலைக்கு மேலே கடைசிக் கொஞ்சம் இன்றைக்கும் வராது. சில கேஸ்களை இடது கையால் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தாதா தன் நோயாளிகளை மாடிக்கு அனுப்ப ஆரம்பித்தார். பெரும்பாலும் ஊசியை முழுதாகக் காட்டுகிற அந்த வழியில்தான் போட்டோம். ஆனால் பிளவுஸ் தைக்கிற ஓர் அம்மாள் கட்டைவிரல் அடிமூட்டு வலியோடு வந்தபோது அது சரிப்படவில்லை. மூட்டு சின்னது, ஊசி படுத்து வர இடமே இல்லை. தோழியிடம் கேட்டு, அவளுடைய வெள்ளைப் புள்ளி முறையில்தான் போட்டோம். நான் பயந்து ஒதுக்கிய முறைதான் அங்கே சரியாக விழுந்தது. வீங்கிய முழங்கால்களுக்குப் பேனாப் புள்ளியே போதும் என்றும் விட்டுவிட்டோம். எது நல்ல முறை என்று யாராவது கேட்டால், எந்த மூட்டு என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

இடுப்பு மூட்டுக்கு முதன்முதலில் போட்டது ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு. தொடையின் பெரிய ரத்தக்குழாய் பக்கத்திலேயே ஓடுகிற இடம் அது. ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற கலரை மெஷினில் போட்டு, அதைச் சிவப்பாகக் காட்டி, ஊசி அதற்கு அந்தப் பக்கமாக வரும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் எப்போதாவது இப்படி ஊசி போட்டுக்கொண்டதுண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது. போட்டப்பவும் வலிச்சுது, அடுத்த ரெண்டு நாள் இன்னும் அதிகமா வலிச்சுது."

தாதா என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்படிச் சொல்லிவிட்டாளே, ஆள் எழுந்து போய்விடப் போகிறார் என்று அவர் நினைத்திருப்பார். அந்த ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று கேட்டார். திரும்ப வேண்டாம், மல்லாக்கவே படுத்திருங்கள் என்றேன். ஜெல்லை எடுத்தேன். நான் ஸ்டாப் என்றால் நிறுத்திவிட வேண்டும் என்று தாதாவிடம் அன்றும் ஒருமுறை சொன்னேன்.